விசிலுக்கு முந்தியவர்

கண்டிராக்டர் என்றதும் எனக்கு அவர் முகம் நினைவுக்கு வருவதில்லை, கழுத்தில் கிடந்த பித்தளை விசில்தான் வருகிறது. சிவப்புக் கயிற்றில் கோத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று சட்டைக்கு வெளியே தொங்கவிட்டிருப்பார். காரைக்குடியில் அவருடைய மகன்கள் நடத்தும் பழைய இரும்புக் கடையில், சந்தன மாலை போட்ட படத்திலும் அந்த விசில் இருக்கிறது. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் அவரிடம் வேலை பார்த்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் பிழைக்கப் போய்விட, பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுக்கொண்டிருந்தன. தேக்குத் தூண் ஒரு பக்கம் போகும், கதவு நிலை ஒரு பக்கம் போகும். கண்டிராக்டருக்குக் கண்ணெல்லாம் இரும்பு உத்தரத்தின் மேல். கப்பலில் வந்த உத்தரங்கள். துண்டு போட்டால் காயலான் கடை விலை, முழுசாக இறக்கினால் வேறு விலை. அதனால் நடுவில் கை வைக்க விடமாட்டார். இரண்டு முனையையும் சுவரை ஒட்டி அறுத்து, சங்கிலியில் தொங்கவிட்டு இறக்க வேண்டும். ஒரு முனையில் நான், மறு முனையில் என் அத்தான். அக்காவின் வீட்டுக்காரர். நாங்கள் கொல்லாசாரிக் குடும்பம். உலையை விட்டுக் கேஸ் கட்டிங்குக்கு வந்தவர்கள்.

கேஸில் இரும்பை அறுப்பதைத் தூர நின்று பார்க்கிறவர்கள், நெருப்புதான் அறுக்கிறது என்று நினைப்பார்கள். நெருப்பு சும்மா சிவக்க வைக்கும், அவ்வளவுதான். நன்றாகச் சிவந்த பிறகு கைப்பிடியை அழுத்தி ஆக்சிஜனைப் பாய்ச்சினால், இரும்பு தானே எரிந்து குழம்பாக வழியும். கறுப்புக் கண்ணாடிக்குள்ளே அந்தச் சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள், தலைக்கு மேல் சங்கிலி மாட்டியாயிற்றா, எதுவும் தெரியாது. அதற்குத்தான் விசில். இரண்டு பேரும் இரண்டு விரற்கடை மிச்சம் வைத்து நிறுத்திவிட வேண்டும். மேலே ஆட்கள் இரண்டு பக்கமும் சங்கிலியை மாட்டிவிட்டுக் குரல் கொடுப்பார்கள். அதைக் கேட்டுக் கண்டிராக்டர் ஒரு விசில் அடிப்பார். அடித்தால் அறுக்க வேண்டும். அதற்கு மேல் எங்களுக்கு யோசனை கிடையாது.

விசில் அடிக்கிறவர் எங்கே நிற்பார் தெரியுமா? தெருவில், எதிர்வீட்டு நிழலில், குடையோடு. இடிகிற வீட்டுக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. "எனக்கு எல்லாம் காதுலயே தெரியும்டா" என்பார். தெரியாமல் என்ன, உத்தரம் விழுந்தால் அவர் தலையில் விழப்போவதில்லை, காதுக்குத் தெரிந்தால் போதும். ஒரு நாள் அத்தான், "ஒருவாட்டி உள்ள வந்து பாத்துட்டு அடிங்க கண்டிராக்டரே" என்று பணிவாகத்தான் கேட்டார். "பயப்படுறவனுக்கு எதுக்குடா இரும்பு வேல? போய்ப் பூக் கட்டு" என்றார், தெருவே கேட்க. அவர் பேச்சு எப்போதும் தெருவுக்குக் கேட்கும்.

வலையபட்டியில் ஒரு வீடு. நடுக்கூடத்தின் பெரிய உத்தரம் அன்றைக்கு இறங்க வேண்டும். வாங்க வந்தவர் வாசலில் லாரியை நிறுத்திக்கொண்டு அவசரப்படுத்தினார். என் பக்கம் சங்கிலி ஏறிவிட்டது. மிச்சத்தை மட்டும் விட்டுவிட்டுக் காத்திருந்தபோது என் நெருப்பு படபடத்து அணைந்தது. கேஸ் உண்டாக்குகிற டிரம்மில் கார்பைடு கல் தீர்ந்துபோயிருந்தது. குனிந்து அதைப் பார்க்கும்போது விசில் கேட்டது. நீளமாக, தெளிவாக, ஒரு விசில். அத்தான் பக்கம் சங்கிலி இன்னும் மேலே ஆட்களின் கையில்தான் இருந்தது என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவர் அறுத்தார். அந்த முனை சாரத்தை உடைத்துக்கொண்டு இறங்கியது. என் பக்கத்து இரண்டு விரற்கடை இரும்பு முறுக்கிக்கொண்டு நின்றது. அத்தானின் இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு மறுநாள் கண்டிராக்டர் வந்தார். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு சீப்பு வாழைப்பழம். வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "ஏம்ப்பா அவசரப்பட்ட? விசில் அடிக்கிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?" என்றார். நான் சொன்னேன், விசில் கேட்டது என்று. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டிருந்தா ஒன் பக்கம் ஏன்டா அறுபடாம நிக்கிது?" கார்பைடு தீர்ந்த கதையைச் சொன்னேன். "வேலிக்கு ஓணான் சாட்சி. அத்தானுக்கு மச்சினன் சாட்சி" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் கடிபடுகிறது.

அறுபடாத அந்த முனையைப் பார்க்க ஊரே வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் நியாயம் தெரிந்ததுபோலத் தலையை ஆட்டினார்கள். மேலே சங்கிலி பிடித்தவர்கள் கண்டிராக்டரின் ஊர்க்காரர்கள். அவர்கள் உலை கொதிப்பது அவர் கையில். வாயைத் திறக்கவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, பிறகு போய்விட்டது. அவர் மேல் போகவில்லை. காலை எடுத்தார், சரி, விபத்து என்று வைத்துக்கொள்ளலாம். பெயரையும் எடுத்தாரே, அதற்கு என்ன பெயர்? அன்றிலிருந்து அத்தானுக்கு 'விசிலுக்கு முந்துனவர்' என்று பட்டம். கோட்டையூர் வரைக்கும் பரவியது. அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "விசிலுக்கு முந்துனாரே, அவரு வீடு எங்குட்டு இருக்கு?" என்று கேட்டுத்தான் வந்து சேர்ந்தார்கள்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. அந்தப் பொய்யை ஊர் நம்பியதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக அத்தானே நம்பத் தொடங்கினார். சாப்பிடும்போது கை நின்றுவிடும். "மாப்ள, விசில் கேட்டுச்சுல்ல?" என்பார். "கேட்டுச்சு அத்தான்." "எங்குட்டோ ரோட்டுல பஸ் கண்டக்டர் அடிச்சதா இருக்குமோ?" "இல்ல அத்தான். அவரு விசில்தான்." தலையை ஆட்டுவார். அடுத்த வாரம் திரும்பக் கேட்பார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனால் மச்சினன் சாட்சி அவருக்கும் போதவில்லை. கண்டிராக்டர் செத்த அன்று நான் துக்கத்துக்குப் போகவில்லை. அத்தான் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு போய்விட்டு வந்தார். "இனி யாருக்கிட்ட கேக்குறது?" என்றார்.

போன மாதம் காரைக்குடியில் ஒரு பழைய பஞ்சாலைக் கொட்டகையை இடித்தார்கள். ரிமோட்டில் ஓடுகிற எந்திரம் வந்திருக்கிறது, ஆளே கிட்டப் போகாமல் இரும்பை வெட்டுகிறது என்று என் பேரன் சொன்னான். அத்தானுக்குப் பார்க்க ஆசை. ஆட்டோவில் கூட்டிப் போனேன். நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை, திட்டத்தான் போனேன். தூர நின்று ஆட்டிவைப்பவன் என்றாலே எனக்கு ஆகாது. அங்கேயும் ஒருவன் அப்படித்தான் நின்றான். இளைஞன், வயிற்றில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு, இரண்டு குச்சிகளை ஆட்டிக்கொண்டிருந்தான். உள்ளே சங்கிலிச் சக்கரத்தில் நகர்கிற எந்திரம், நீண்ட கையின் நுனியில் இருந்த கத்தரி வாயால் உத்தரத்தைக் கவ்வியது. நெருப்பில்லை, பொறியில்லை. முறுக்குக் கடிப்பதுபோல ஒரு சத்தம், துண்டு கீழே கிடந்தது. முழுசாக இறக்க வேண்டும் என்ற கவலையே அங்கு யாருக்கும் இல்லை.

நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அத்தான் எப்போது நகர்ந்தார் என்று தெரியவில்லை. கட்டையை ஊன்றி, சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைக் குனிந்து தாண்டி உள்ளே இரண்டு எட்டு வைத்துவிட்டார். சட்டென்று ஒரு விசில். எந்திரம் அப்படியே அந்தரத்தில் நின்றது. என் உடம்பு ஒரு தரம் உதறியது. விசில் அடித்தால் இரும்பு அறுபடும் என்றுதான் இத்தனை வருஷமாக என் உடம்புக்குத் தெரியும். நிறுத்துவதற்கும் விசில் அடிப்பார்கள் என்று தெரியாது.

அத்தான் நின்ற இடத்திலேயே நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, அதே பழைய குரலில், "மாப்ள, விசில் கேட்டுச்சுல்ல?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், பெட்டியைக் கட்டியிருந்த அந்தப் பையன் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தான். "கேட்டுச்சு தாத்தா. நான்தான் அடிச்சேன். இங்குட்டு வாங்க."

அத்தான் அவன் முகத்தையே பார்த்தார். "நீதான் அடிச்சியா?" என்றார். "ஆமா தாத்தா, நான்தான்" என்றான் அவன், கொஞ்சம் எரிச்சலோடு. அத்தான் அவன் கையை விடவே இல்லை. அவனுக்கு வேலை கெட்டது.

திரும்பும்போது ஆட்டோ அந்தப் பழைய இரும்புக் கடை வழியாகத்தான் வந்தது. நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எப்போதும் தலையைக் குனிந்துகொள்கிற அத்தான், அன்றைக்குக் குனியவில்லை. மாலையையும் படத்தையும் அதில் தொங்கிய விசிலையும் கடை மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தார். "ஒரு வார்த்த மாப்ள" என்றார். "அந்தப் பய சொன்ன அந்த ஒரு வார்த்தய இந்தாளு சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.