சுடலையாண்டி கலயத்து ஈஸ்ட்

கனியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. தொண்ணூற்றாறில், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் என்னோடு ஈஸ்ட் ஆராய்ச்சி செய்தவள். குலசேகரன்பட்டினத்துப் பக்கம் பனையேறி சுடலையாண்டியின் ஒரே மகள். அவர் பனையிலிருந்து விழுந்து செத்தபின் உச்சியில் தொங்கிய கலயத்தை யாரோ இறக்கினார்கள். அதில் புளித்துக் கிடந்த கள்ளிலிருந்துதான் தன் ஈஸ்டை எடுத்தாள். அப்பாவிடமிருந்து உயிரோடு மிஞ்சியது இதுதான் என்பாள். எனக்கானால் அதை அவள் வளர்த்த கண்ணாடித் தட்டுகளைத் தொடவே பயம்.

புருஷனைப் பேய்தான் தள்ளிவிட்டது என்று அவள் அம்மா உலகம்மாள் சாதிப்பாள். சாக நினைத்துத் தானே கையை விட்டுவிட்டான் என்று ஊர் முணுமுணுத்தது. அப்படிச் சொன்னவர்கள் வீட்டில் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

வெள்ளையாக வளரும் ஈஸ்ட் ஒருநாள் ரத்தச் சிவப்பாக முளைத்தது. "வெளிக்கிருமி விழுந்துட்டு. எல்லாத்தையும் அவிச்சுக் கொட்டும்மா," என்றார் எங்கள் பேராசிரியர் அருணாசலம். அந்த மனுஷருக்கு எதையாவது கொட்டினால்தான் தூக்கம் வரும்! கனி மாட்டேன் என்றுவிட்டாள். "இது எங்கப்பாதான்க்கா, வேற ஆளு இல்ல," என்று என்னிடம் அழுதாள்.

மதுரைக்கு அலைந்து டி.என்.ஏ.வைச் சோதித்துவந்தாள். வெள்ளை நிறத்தைக் காக்கும் மரபணுவில் ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. ஆனால் ஈஸ்டின் சொந்த டி.என்.ஏ.விலேயே தாவும் துண்டுகள் உண்டு. தன்னைப் பிரதி எடுத்து வேறெங்காவது போய் உட்காரும். உட்காரும் இடத்தைப் பொறுத்து ஒரு மரபணுவை ஓயாமல் வேலை வாங்கும், இன்னொன்றை அடக்கிப்போடும். இங்கே அப்படி ஒன்று அந்த மரபணுவின் வாசலில் உட்கார்ந்து அதை அடக்கியிருந்தது; அதனால்தான் சிவப்பு.

முடிவோடு அவள் திரும்பிய அன்றைக்கு உலகம்மாள் மகளைப் பார்க்க வந்திருந்தாள். கனி சந்தோஷத்தில் தட்டைத் திறந்து காட்டினாள்.

"எம்மா, இது நம்ம அப்பா கலயத்து ஈஸ்டேதான். வெளிய இருந்து ஒண்ணும் வரல. உள்ள இருந்ததே கெளம்பி இப்படிப் பண்ணிட்டு."

"வெளிய இருந்து ஒண்ணுமே வரலையாட்டி?"

"சத்தியமா இல்லம்மா."

உலகம்மாள் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ வாங்கிவரட்டுமா என்றேன்.

"அப்ப அந்த மனுசன் தானாத்தான் கைய விட்டாருங்கியா?"

"ஐயோ அம்மா! நான் ஈஸ்டச் சொல்லுதேன்!"

உலகம்மாள் தட்டின் மூடியை எடுத்துப் பைய மூடினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே, பாவி மனுசன்."