தானாக மாறிய லேப்டாப்

தான் எங்கே இருக்கிறோம் என்பது என் லேப்டாப்புக்கே தெரியும் என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். புனேயில் கராடி அலுவலகத்தில் திறந்தால் அலுவலக நெட்வொர்க், நிக்டி வீட்டில் திறந்தால் வீட்டு வைஃபை. "லினக்ஸ்னா சும்மாவா?" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

அலுவலகத்தில் ஒரு சிஸ்டம் அட்மின் இருந்தார். நிக்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். காலையில் வந்ததும், மாலையில் கிளம்பும் முன்பும் நான் டீக்குப் போகும் நேரம் பார்த்து என் மேஜைக்கு வந்து, மஞ்சள் துணியால் திரையைத் துடைப்பார். சுத்தப் பிரியர் போலும் என்று நினைத்துக்கொண்டேன். கீபோர்டுக்கு அடியில் பாஸ்வேர்டை ஒட்டி வைத்திருந்த என்னிடம், "உங்கள ஹேக் பண்ண வர்றவன் பாவம் சார், அவனுக்கு வேலையே இல்ல" என்பார்.

ஆட்குறைப்புப் பேச்சு வந்தபோது, அட்மின் என்னதான் செய்கிறார் என்று கூட்டத்தில் மேலாளர் என்னைக் கேட்டார். நாலு பேர் சிரித்தால் போதும் எனக்கு. "மெஷின் எல்லாம் தானா ஓடுது சார், அவர் துடைக்கிறார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் விடைபெற்றுப் போன வெள்ளிக்கிழமை, வீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். வைஃபை முழுசாக இருந்தது. ஒரு பக்கமும் திறக்கவில்லை. ரூட்டரை ஐந்து முறை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். கற்பூரம் காட்டாததுதான் பாக்கி. "தானா மாறும்னீங்களே, மாறச் சொல்லுங்க" என்றாள் மனைவி. வெட்கத்தை விட்டு அவருக்கே போன் போட்டேன்.

"அரே சார், டென்ஷன் மத் லோ, பதறாதீங்க. ஸ்க்ரீன் மூலைல 'ஆபீஸ்', 'கர்'னு ரெண்டு பட்டன் வச்சிருக்கேன். வீட்டுல 'கர்' அமுக்கணும். டெய்லி தொடைக்கறப்ப நான்தானே மாத்துவேன்."

"ஏங்க சொல்லல?"

"சொல்லிருந்தா டெய்லி பத்து தடவ கூப்பிட்டிருப்பீங்க."

அமுக்கினேன். எல்லாம் திறந்தது. வேறு வேலை கிடைத்ததா என்று கேட்டேன். "தேடணும் சார். பொண்ணு பன்னெண்டாவது" என்றார். கூட்டத்தில் நான் சொன்னது அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இப்போது நானே மாற்றுகிறேன். பாதி நாள் மறந்துபோய்ப் பதறுகிறேன். அந்தத் திங்கட்கிழமை மேலாளரிடம் போய், நான் சொன்னது வெறும் வேடிக்கை, அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். கையெழுத்தாகிவிட்டது என்றார். என் வேடிக்கையை வைத்தா முடிவெடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்களிடம் மட்டும்தான் கேட்டோம்" என்றார்.