பின்கதவு யோசனை

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் எழுத்து வேலை பார்த்தேன். அங்கிருந்த பெண்களில் நாற்காலியில் உட்காருபவள் நான் ஒருத்திதான். மற்ற ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து மிளகு புடைப்பார்கள். தூசி வெளியேற வழியில்லை. நாள் முழுக்க இருமல். காயல் நீரைப் பார்த்த பின்கதவை மறைத்து மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

ஒருநாள் எர்ணாகுளத்திலிருந்து படகில் வரும்போது காற்று முதுகில் அடித்தது. முன்னால் நின்றவரின் பீடிப் புகை என் பக்கம் வராமல் அவரைத் தாண்டி ஓடியது. பின்கதவைத் திறந்து, அதற்கு முதுகு காட்டிப் பெண்களை உட்கார வைத்தால் என்ன என்று தோன்றியது. முதலாளியிடம் சொன்னேன். மறுவாரமே மூட்டைகளை நகர்த்தச் செய்தார். இருமல் பாதியாகக் குறைந்தது. எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

அன்றிலிருந்து, மிளகு புடைக்கும் அக்கா ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மதியம் தன் கப்பைக் கிழங்கில் எனக்கும் ஒரு துண்டு வைப்பவர். மூன்று நாள் பொறுத்து, என்ன கோபம் என்று கேட்டேன்.

“அந்தக் கதவு விஷயம் நானல்லவா உங்கிட்ட பறஞ்சேன்? கப்பை தின்னுக்கிட்டு இருந்தப்போ. ஓர்மையில்லையா உனக்கு?”

இல்லை. ஆனால் அவர் பொய் சொல்பவரும் இல்லை. அந்த மதியம் தொட்டுக்கொண்ட சம்மந்தித் துவையலின் காரம்கூட நினைவிருந்தது. பேச்சு மட்டும் இல்லை. படகில் எனக்குத் தோன்றியதா, அவர் சொன்னது உள்ளே கிடந்து அங்கே எழும்பியதா?

முதலாளியிடம் போய், யோசனை அக்காவுடையது என்றேன். அவர் நிதானமாக, ஒரு வருஷமாகத் தன் மனதிலேயே அது இருந்ததாகவும், அதனால்தான் உடனே சம்மதித்ததாகவும் சொன்னார்.

இதை அக்காவிடம் சொன்னபோது முறத்தைக் கீழே வைத்தார். தங்கை வீட்டுப் பக்கம் மீன் உலர்த்தும் பெண்கள் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாராம்.

“உங்கிட்ட சொன்னேனா, சொல்லணும்னு நெனச்சதோட நின்னேனா, இப்போ எனக்கே தெரியலையே.”

மறுபடி பேசத் தொடங்கினோம். மழைக்காலத்தில் ஈரக்காற்று மிளகைக் கெடுக்கும் என்று கதவை மூடியதும் இருமல் திரும்பியது. சுவரில் தூசியை வெளியே இழுக்கும் மின்விசிறி வைக்கலாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். முதலாளியிடம் சேர்ந்தே போனோம். அக்கா பேசட்டும் என்று நான் நின்றேன். நான் பேசட்டும் என்று அவர் நின்றார்.