மாட்டுக்கும் லீவு விட்ட சாயக்கடை

ஆமா, நீங்க கேட்டது நெசந்தான். தீவாளிக்கு முந்துன சனிக்கிழமையாவே இருந்தாலும் எங்க கடை பூட்டித்தான் கெடக்கும். துணிச் சாயம் விக்கிற கடைங்கிறது ஒரு தினுசான பொழப்பு. 'போன வாரம் வாங்குன செவப்பு இந்த வாரம் ஏன் வேற செவப்பா இருக்கு'ம்பான், நாமதான் பதில் சொல்லணும். கடையில நின்னு பொழச்ச உங்களுக்கு அந்தப் பாடு தெரியும். எனக்கு அதுக்கு மேல இன்னொரு பாடு. 'சனிக்கிழமை ஏன்யா பூட்டுனீங்க'ன்னு ஞாயித்துக்கெழம வந்து நிப்பானுக, அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.

முதலாளி பேரு யோசேப்பு. கொச்சிக்காரர். என்னைவிட நாலு வயசு சின்னவர், ஆனாலும் நான் முதலாளின்னுதான் கூப்புடுவேன், அவரு என்னை 'மாயாண்டி, நீங்க'ன்னு கூப்புடுவாரு. பேரைக் கேட்டுட்டு விளக்குத்தூண் பக்கத்துல அம்புட்டுப் பேரும் அவரை வேதக்காரர், கிறிஸ்தவர்னே நெனச்சாங்க. இல்ல, யூதர். மதுரைக்குள்ள அந்தச் சாதி சனம் அவர் ஒருத்தர்தான். கடைக்கு மேல ஒரு ரூம்புல குடியிருந்தாரு, சம்சாரமும் பிள்ளையும் கொச்சியில. அவர் பேச்சுல பாதி மலையாளமா வரும். நான் நம்ம பேச்சுலயே சொல்றேன்.

மாட்டு வண்டி

கடைக்குச் சொந்தமா ஒரு மாட்டு வண்டி. ஓட்டுறது கருப்பணன், நாகமலைப் பக்கத்து ஆளு. வெள்ளிக்கிழமை பொழுது சாயுறதுக்குள்ள கடையச் சாத்தணும். மறுநா பொழுது இறங்குற வரைக்கும் முதலாளிக்கு வேலை கெடையாது, எனக்குக் கெடையாது, கருப்பணனுக்குக் கெடையாது, மாட்டுக்கும் கெடையாது. மாட்டையும் சேத்துத்தான் சொல்லிருக்காம் அவங்க வேதத்துல. கருப்பணன் ஒரு சனிக்கிழமை சத்தமில்லாம மாட்டைப் பூட்டி ஆரப்பாளையத்துக்குச் செங்கல் லோடு அடிச்சுட்டான். மறுநா காலையில மாட்டுக் கழுத்தத் தடவுன முதலாளிக்குத் தெரிஞ்சுபோச்சு. வையல. "நீ வேணாம்னா வேணாம்னு வாயால சொல்லிருவ. அது யாருகிட்ட போய்ச் சொல்லும்?"னாரு. கருப்பணன் அன்னைக்கோட அதை விட்டான்.

விட்டது அவன். விடாதது அவன் பொண்டாட்டி. சோத்து வாளியோட கடைக்கு வந்தவ என்கிட்ட, 'மாட்டுக்கு லீவு எழுதிருக்க பொஸ்தகத்துல பொண்டாட்டிக்கு ஏதாச்சும் எழுதிருக்காண்ணே'ன்னு கேட்டா. நான் சிரிச்சுக்கிட்டே முதலாளிட்ட சொன்னேன். அவரு சிரிக்கல. பொஸ்தகத்தத் தொறந்து விரல வச்சுப் பாத்தாரு. நீ, உன் மகன், மக, வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வெளியூர்லருந்து வந்து தங்குனவன், அம்புட்டுப் பேரும் இருக்காங்க. பொண்டாட்டி இல்ல. மூணு நாள் அதே யோசனை. நாலாம் நாள் வாளியோட வந்தவளை நிப்பாட்டி, "'நீ'ன்னு மொதல்ல சொல்லிருக்குல்லம்மா, அதுலயே புருசனும் பொண்டாட்டியும் சேத்தி. அதான் தனியாச் சொல்லல. சமையல முந்துன நாளே முடிச்சு வச்சிரணும்"னாரு. அவ வாளிய இறக்கி வச்சுட்டுச் சொன்னா:

"மாட்டுக்காகச் சொன்ன மாதிரி, இதையும் என் வீட்டுக்காரருகிட்ட நீங்களே ஒருக்கச் சொல்லிருங்க மொதலாளி."

கோணக் குழல்

கடை வாசல் நிலையில, வலது பக்கம், கைக்கெட்டுற உசரத்துல விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழல் அடிச்சிருப்பாரு. உள்ள அவங்க வேத வரியத் தோல்ல எழுதுன சுருள். போகையில வரையில அதைத் தொட்டு விரலை முத்திக்கிடுவாரு. அது சாய்வா இருக்கும். எனக்குக் கோணலப் பாத்தா ஆகாது. நான் படிச்ச ராத்திரிப் பள்ளிக்கூடத்துல ஓரத்துக் கோடு கோணுனா வாத்தியாரு முட்டியில போடுவாரு, அந்தப் பழக்கம். ஒரு ஆயுத பூசை அன்னைக்குத் தராசு, படி, சாய டின்னு எல்லாத்துக்கும் சந்தனம் வச்சேன். அப்படியே ஆணியப் புடுங்கி, குழல நேரா நிமித்தி அடிச்சு, அதுக்கும் ஒரு பொட்டு வச்சு, கொஞ்சம் பெருமையாவே தள்ளி நின்னு பாத்தேன்.

முதலாளி எறங்கி வந்தாரு. குழலப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. ஈரத்துணியால சந்தனத்தத் தொடச்சுட்டு, சுத்தியல என்கிட்டருந்து வாங்கி, மறுபடி சாச்சு அடிச்சாரு. "எங்க பெரியவங்கள்ல ஒருத்தரு இத நேரா நிப்பாட்டணும்னாரு. அவரு பேரன், அவரும் பெரிய படிப்பாளி, இல்ல படுக்க வைக்கணும்னாரு. ரெண்டு பேரையும் விட்டுக்குடுக்க முடியல. அதான் சாய்வு"ன்னாரு. கடையில அப்ப சாயப்பட்டறை ராமசாமி அண்ணன் நின்னுக்கிட்டு இருந்தாரு. வீட்டு நடுச் சுவரு யாருக்குன்னு சொந்தத் தம்பியோட ஏழு வருசமாக் கோர்ட்டுக்கு அலையுற மனுசன். குழலப் பாத்துக்கிட்டே சொன்னாரு:

"இப்படிச் சாச்சு அடிக்கிற ஆளு ஒருத்தன் எங்க வீட்டுல இருந்திருந்தா, வக்கீல் வீட்டுக்கு மச்சு வந்திருக்காதுப்பா."

வாழைப்பழம்

முதலாளி எதையும் சும்மா வாயில போட மாட்டாரு. தண்ணிக்கு ஒரு வார்த்தை, ரொட்டிக்கு ஒரு வார்த்தை, முணுமுணுன்னு சொல்லிட்டுத்தான். மரத்துல காய்ச்சதுக்கு ஒண்ணு, தரையில வெளஞ்சதுக்கு வேற ஒண்ணு. வாழைப்பழத்துக்குத் தரையில வெளஞ்சதுக்கான வார்த்தையத்தான் சொல்லுவாரு. 'வாழைமரம்னுதான மொதலாளி சொல்றோம்'னேன். தாரு வெட்டுனா அதோட போயிருது, கீழருந்து புதுசா வருது, அதனால கணக்குல அது மரமில்லன்னாரு. கடைக்கு எதுத்தாப்புல கூடை வச்சிருந்த பேச்சியக்கா இதைக் கேட்டு, 'ஒரு நாட்டுப் பழத்துக்கு இம்புட்டு விசாரணையா'ன்னு ரெண்டு நாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரிச்சுச்சு.

பெறகு ஒருநா நான் பழம் வாங்கப் போனேன். 'உனக்கா, மொதலாளிக்கா'ன்னு கேட்டுச்சு. மொதலாளிக்குன்னேன். எடுத்து வச்ச சீப்பத் திரும்ப வச்சுட்டு, கூடைக்கு அடியிலருந்து வேற நல்ல சீப்பா எடுத்துக் குடுத்துச்சு. 'எங்களுக்கு மட்டும் கனிஞ்சு கசங்குனதா'ன்னு சண்டைக்குப் போனேன். பேச்சியக்கா சொன்னது இது:

"நீ வாங்குனதும் முழுங்கிருவ. அந்த மனுசன் கண்ண மூடி யாருகிட்டயோ சொல்லிட்டுல்ல திங்குது, அங்க என் பேரு அடிபட்டுறக் கூடாதுல்ல."

எதிர்க்கட்சி

மத்தியானம் வெயிலுக்கு யாவாரம் இருக்காது. அப்ப பெரிய பொஸ்தகம் ஒண்ண எடுப்பாரு, வலதுலருந்து இடதுக்குப் படிக்கிறது. தனியாப் படிச்சா அது படிப்பே இல்லையாம், எதுத்துப் பேச ஒரு ஆளு வேணுமாம். கொச்சியில அவங்க அப்பா அந்த வேலையப் பாத்துருக்காரு. இங்க நான். அவரு ஒரு வரியப் படிச்சு அர்த்தம் சொல்லுவாரு, நான் மறுக்கணும். மொதல் ஒரு மாசம் எனக்கு நாக்கு எழும்பல. சம்பளம் குடுக்குறவரை மறுத்துப் பேச எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்குறாங்க, நீங்களே சொல்லுங்க. அவரு என்ன சொன்னாலும் 'சரிதான் மொதலாளி, சரிதான் மொதலாளி'ன்னேன். ஒருநா பொஸ்தகத்த மூடிட்டாரு.

"சரின்னு சொல்றதுக்கா மாயாண்டி நீங்க பகல்ல மூட்டை தூக்கிட்டு ராத்திரி படிச்சீங்க?"

பத்துப் பேர்

அவங்க அப்பா ஒரு ஐப்பசியில தவறிட்டாரு. வருசம் திரும்புற அன்னைக்கு மகன் ஒரு செபம் சொல்லணும். தகப்பனுக்கு மகன் செய்யுறதுல அதுதான் பெருசு. கொச்சியில போயிச் சொல்ல முதலாளி பத்து நாளைக்கு முந்தியே துணிய மடிச்சுப் பெட்டியில வச்சுட்டாரு. அந்த வருசம் அடிச்ச மழையில வழியில தண்டவாளத்த அரிச்சுட்டுப் போயிருச்சு, ரயில் வண்டி கெடையாது. நாலு தரம் ஸ்டேசனுக்கு நடந்தாரு. முந்துன நாள் சாயங்காலம் மேல ரூம்புல ஒரு எண்ணெ விளக்க ஏத்தி வச்சுட்டு, அதுக்கு முன்னாடி உக்காந்துட்டாரு. 'இங்கயே சொல்லிருங்களேன் மொதலாளி'ன்னேன். "தனியாச் சொல்ல முடியாது. பத்து ஆம்பளை கூடணும்"னாரு. அதுக்கு மேல அவரும் சொல்லல, நானும் கேக்கல. கேட்டிருக்கணும்.

பத்துப் பேருதான, மதுரையில ஆளா இல்லன்னு கெளம்பிட்டேன். அவரோட சேத்து நான் ரெண்டு. கருப்பணன், ராமசாமி அண்ணன், பட்டறை ஆளுக நாலு பேரு. கோரிப்பாளையத்துல சாக்கு யாவாரம் பாக்குற காதர் பாய், "வாப்பாவுக்குத் துஆவா? அதுக்குக் கூப்புடணுமா, வாரேன்யா"ன்னு அவரு மச்சானையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. பத்து. எல்லாரையும் குளிச்சுட்டு வரச் சொல்லிருந்தேன். தலைய மூடணும்னு தெரியும், அதனால துண்டத் தலப்பாவாக் கட்டச் சொன்னேன். மறுநா நாலு மணிக்குச் சாய டின்னுகளுக்கு நடுவுல பாயப் போட்டு, எட்டுத் தலப்பாவும் ஒரு தொப்பியுமா வரிசையா உக்காந்துட்டு, முதலாளியக் கூப்புட்டேன்.

ஏணிப்படியில பாதி எறங்குனவரு அப்படியே நின்னுட்டாரு. என் முகத்தப் பாத்து அவருக்கு வெளங்கிருச்சு. அவரு முகத்தப் பாத்து எனக்கும் வெளங்கிருச்சு. அவங்க ஆளுகளே பத்துப் பேரு வேணும், நான் கொண்டாந்த பத்துல ஒண்ணுதான் செல்லும், அதுவும் அவருதான். பக்கத்துல வந்து, "இவங்கள வச்சு அந்தச் செபம் வராது மாயாண்டி"ன்னு மெதுவாச் சொன்னாரு. அனுப்பிரவான்னு கேட்டேன். அந்தத் தலப்பாகள ஒருதரம் பாத்தாரு. "வேணாம். செபம் சொல்ல முடியாதப்ப எறந்தவங்க பேரால பொஸ்தகம் படிச்சு வாதாடுற வழக்கம் ஒண்ணு இருக்கு. அதுக்குத் தலை எண்ண வேண்டியதில்ல"ன்னு சொல்லி, பொஸ்தகத்தோட பாயில வந்து உக்காந்துட்டாரு.

அன்னைக்கு அவரு படிச்ச எடத்துல வந்த கேள்வி இதுதான். ஒரு பாதையில போற. ஒரு பக்கம் உன் சேக்காளி, மாட்டு மேல பொதி ஏத்த முடியாம நிக்கிறான். இன்னொரு பக்கம் உன் பகையாளி, அவன் மாடு பொதியோட படுத்துருச்சு. மொத கை யாருக்குக் குடுப்ப? ராமசாமி அண்ணன் எடுத்த எடுப்புல சேக்காளிக்குத்தான்னாரு. "பகையாளி மாடு என்னய்யா பாவம் பண்ணுச்சு, அது வாயில்லாப் பிராணி"ன்னாரு காதர் பாய். பாயோட மச்சான் பாய்க்கே மறுப்புச் சொன்னாரு. பட்டறை ஆளுக ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுட்டாங்க. தெருவுல போறவங்க, உள்ள சண்டைன்னு எட்டிப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. கடைசியாக் கருப்பணன் வாயத் தொறந்தான். "படுத்த மாட்ட ஒத்தையில எழுப்ப முடியாது. அவன் ஒரு பக்கம் புடிக்கணும், நான் ஒரு பக்கம் புடிக்கணும். ரெண்டு பேரும் சேந்து மூச்சுப் புடிச்சுத் தூக்குனா, அந்த ஒரு நிமிசமாச்சும் பகையாளியா இருக்க முடியாதுல்ல. அதனால அவன்தான் மொதல்ல."

முதலாளி பொஸ்தகத்துலருந்து தலையத் தூக்கல. எங்க பெரியவங்க சொன்ன முடிவும் பகையாளிக்குத்தான், எங்கப்பா மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கிடல, வருசா வருசம் இந்த எடத்துல என்கிட்டச் சண்டைக்கு வருவாருன்னு சொன்னாரு. சொல்லையில கண்ணு கலங்கி, சிரிப்பும் கூட வந்துருச்சு. பொழுது எறங்குற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கல. வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே ராமசாமி அண்ணன் சொல்லிட்டுப் போனாரு:

"அடுத்த வருசமும் தண்டவாளம் போச்சுன்னா சொல்லி விடுங்க மொதலாளி, நான் இன்னும் ஒத்துக்கிடல."

அடுத்த வருசம்

தண்டவாளம் போகல. முதலாளி கொச்சிக்குப் போயி, அவங்க ஆளுக பத்துப் பேரு நடுவுல நின்னு, முறையாச் சொல்லிட்டாரு. போறப்ப கடையப் பாத்துக்கச் சொன்னாரு, வேற ஒண்ணும் சொல்லல. அந்த நாள் நாலு மணிக்கு நான் டின்னுகளத் தொடச்சுக்கிட்டு இருக்கேன். குளிச்சு, தலையில துண்டக் கட்டிக்கிட்டு ராமசாமி அண்ணன் வாராரு. பின்னாலயே பட்டறை ஆளுக. பாயும் மச்சானும் ஆத்தத் தாண்டி நடந்தே வந்துட்டாங்க. கருப்பணன் பாய விரிச்சுட்டான். மொதலாளி ஊர்ல இல்லப்பா, எனக்கு அந்த எழுத்துப் படிக்கவும் தெரியாதுன்னு தயங்குனேன். கருப்பணன் சம்மணம் போட்டுட்டு என்னைப் பாத்துச் சொன்னான்:

"அண்ணே, மொதலாளி இல்லாட்டி என்ன, செத்தது அவுக அப்பாதான, அவரு எங்கயும் போயிரலையே, நீங்க கேள்வியக் கேளுங்க."

கேட்டேன். அன்னைக்கும் முடிவு வரல. முதலாளி இப்பக் கொச்சியோடயே போயிட்டாரு, அந்த எடத்துல பாத்திரக்கடை நடக்குது, நானும் வேற எடத்துக்கு வந்துட்டேன். மொத்தத்துல சாயக்கடையில நான் கத்துக்கிட்டது என்னன்னா, சரக்கு வாங்குனவன் கொறை சொல்லத்தான் திரும்பி வருவான், கேள்வி வாங்குனவன் குளிச்சுட்டு வருவான்.

என்னம்மா? குளிக்க வச்ச வெந்நி ஆறுதா? இந்தா வாரேன், இன்னைக்கு நாலு மணிக்குப் பாய விரிச்சிருவாங்க.