மண் அள்ளிய கைக்கே பாடு

நேற்று மாலை ராயபுரத்துக்கு வடக்கே நடந்து போனேன். கும்பினியார் அங்கே கால்வாய் வெட்டுகிறார்கள். கரையில் குவித்திருந்த கறுப்புச் சேற்றிலிருந்து ஒரு வாடை வந்தது. கூட வந்த நண்பர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடையை எட்டிப் போட்டார். நான் நின்றுவிட்டேன். அழுகிய பாசியும் உப்பும் செத்த நண்டும் கலந்த அந்த வாடையில்தான் நான் முதன்முதலில் உத்தியோகம் பார்த்தேன். அவரிடம் சொன்னால் சிரிப்பார். உங்களிடம் சொல்லலாம்.

எனக்கு ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு, அதில் ஒரு திறப்பு. முகத்துவாரம் என்போம். அதன் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வரும், இறாலும் மீனும் கூடவே வரும். கோடையில் அலை மணலைத் தள்ளித் தள்ளி அந்தத் திறப்பை மூடிவிடும். மூடினால் ஏரி வற்றும், இறால் வராது, ஊரில் அடுப்பு எரியாது. அதனால் வருஷா வருஷம் ஊர் கூடி மணலை வெட்டி வழி திறக்க வேண்டும்.

இதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஏரிக்குள் மீன் கிடைக்கும் இடங்களைப் பாடு பாடாகப் பிரித்து, எந்தப் பாடு எந்த வீட்டுக்கு என்று ஆண்டுக்கொரு முறை குலுக்கி எடுப்போம். வீட்டு அடையாளம் கீறிய ஓலைத் துண்டைப் பானையில் போட வேண்டும். பானை கோயிலில் இருக்காது. முகத்துவாரத்து மணலில், வெயிலில் இருக்கும். மண் அள்ளி முடித்த கையோடு வந்து ஓலையைப் போடலாம். அள்ளாத வீட்டு ஓலையை வாங்க மாட்டார்கள்.

ஊர்த் தலைவரான நாட்டாருக்கும் அதுதான் சட்டம். எங்கள் ஊர் நாட்டார் வேறு யாருமில்லை, என் நைனாதான். ஒரு வருஷம் வெட்டு நாளன்று அவருக்குக் குளிர்காய்ச்சல். கட்டிலோடு தூக்கிப் போய் மணலில் இறக்கினோம். போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி ஒரு பிடி மணல் எடுத்து அப்பால் போட்டார்.

"போதுமாடா?"

"இன்னும் ஒரு பிடி போடு நாட்டாரே, கடல் வந்துடும்" என்றார்கள். ஊரே சிரித்தது. ஆனாலும் அந்த ஒரு பிடி விழுந்த பிறகுதான் ஓலையை வாங்கினார்கள்.

அப்போது பழவேற்காட்டுக் கோட்டை உலாந்தாக்காரர்களுடையது, டச்சுக்காரர்கள் என்கிறார்களே, அவர்கள்தான். அவர்களுடைய கப்பல்கள் கடலிலேயே நிற்கும். துணிப்பொதிகள் படகேறி முகத்துவாரம் வழியாகத்தான் போகும், வரும். எங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை திறந்தால் போதும், அவர்களுக்கு எந்நாளும் திறந்திருக்க வேண்டும். புதிதாக வந்த கப்பித்தான், வெயிலில் அவித்த இறால் மாதிரி சிவந்திருப்பான், பாவம், நல்ல மனுஷன். எங்கள் ஆட்கள் வெறும் வயிற்றோடு மண் சுமப்பதைப் பார்த்து மனசு கேட்காமல், வெட்டுகிறவர்களுக்குக் கோட்டையிலிருந்து அரிசி என்று தமுக்கு அடிக்கச் சொன்னான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று ஊர் மகிழ்ந்தது.

அரிசி அளக்க ஓர் ஆள் வேண்டுமே. அவர்கள் பாஷையில் பத்து வார்த்தை தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான். அவற்றிலும் ஆறு வசவு. ஒரு பழைய நீலச் சட்டை கொடுத்தார்கள். பாதிப் பொத்தான் இல்லை. கோடை வெயிலில் அந்தக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, வேர்த்து ஒழுக, மரக்காலும் கையுமாக மணலில் நிற்பேன். பொன்னேரியிலிருந்து வண்டியில் வரும் அரிசி. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று தாராளமாக அளந்தேன். என்னைப்போல் பெரிய மனிதன் அந்தக் கரையில் இல்லை என்று மெய்யாகவே நம்பினேன்.

அரிசி என்றதும் முதலில் வந்தவர்கள் கன்னியம்மா வீட்டார். ஏரிக்கு மேற்கே மேட்டில் குடிசை போட்டிருந்த சில குடும்பங்கள் அவர்கள். வலையில்லை, படகில்லை. பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கழுத்து முட்டக் குனிந்து, சேற்றைத் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். அவர்களுக்குப் பாடு கிடையாது. எங்கள் பாடுகளுக்கு நடுவே விட்டுப்போன ஓரங்களில் தடவிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கன்னியம்மா அவர்களில் மூத்தவள், குட்டையான மனுஷி, அதிகம் பேச மாட்டாள். அரிசியை முந்தானையில் வாங்கும்போது என் சட்டையை ஒருமுறை பார்த்து, "வேவாதாப்பா உள்ள?" என்று கேட்டாள். வெந்தது. ஒப்புக்கொள்ளவில்லை.

நாளாக ஆக எங்கள் ஆட்கள் மண்ணுக்கு வருவது குறைந்தது. "கூலிக்கு மண்ணு சொமக்கறவன் வேற, பாடு உள்ளவன் வேற" என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது எப்போது சட்டமானது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கூட்டம் போடவில்லை, யாரும் கைதூக்கவில்லை. ஒரு வருஷம் பார்த்தால் பானை கோயில் வாசலில் இருந்தது, நிழலில், பூப் போட்டு. எல்லோரும் குளித்துவிட்டு வந்து ஓலை போட்டார்கள். சௌகரியமாகத்தான் இருந்தது. முகத்துவாரம் எந்நாளும் திறந்திருந்தது, இறால் கொட்டியது, அந்த வருஷங்களில் யாருக்கும் குறையில்லை. இதையும் சொல்லத்தானே வேண்டும்.

பிறகு கோட்டையில் கொடி மாறியது. எங்கோ சீமையில் அவர்களுக்குள் சண்டையாம். இங்கே ஒரு நாள் காலையில் இங்கிலீஷ்காரன் கொடி பறந்தது. கப்பித்தான் பெட்டி படுக்கையோடு போனான். அடுத்த கோடையில் மணல் மூடியது. நைனாவும் நானும் புதுத் துரையிடம் போய் நின்றோம். அவன் கப்பல்கள் சென்னப்பட்டணத்துக்குப் போகிறவை. இந்த ஓட்டை திறந்தால் என்ன, மூடினால் என்ன என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ஏரி அவனுடையதா?

ஊரில் தமுக்கு அடித்தார்கள். "அரிசி யாரு குடுப்பா?" என்று கேட்டார்கள். மண் அள்ளினாலும் அள்ளாவிட்டாலும் ஓலை கோயிலில் விழத்தான் போகிறது. பின் எவன் வெயிலில் நிற்பான்? மூன்று நாள் அடித்தும் விரல்விட்டு எண்ணும்படிதான் ஆட்கள் வந்தார்கள்.

நாலாம் நாள் காலையில் நாங்கள் போனபோது முகத்துவாரத்தில் பாதி வெட்டியிருந்தது. கன்னியம்மா வீட்டார் பெண்ணும் பிள்ளையுமாக இடுப்பளவு பள்ளத்தில் நின்று மண் தூக்கினார்கள். நைனாவைப் பார்த்ததும் அவள் மேலே ஏறி வந்தாள்.

"நாட்டாரய்யா, அரிசி வேணாம். நாங்களே வெட்டிட்றோம். எங்க ஊட்டு ஓல ஒண்ணு பானைல வுழணும்."

"இன்னாம்மா பேசற நீ? பாடு பொறப்புல வர்றது" என்றார் நைனா.

"பொறப்புல வர்றதுனா மின்ன ஏன் பானைய மண்ணுல வெச்சீங்க?"

நைனாவுக்குப் பின்னாலிருந்து ஒருவன், "இன்னிக்கு ஓலன்னு கேப்பா, நாளைக்குக் கோயிலுக்குள்ள வருவா" என்றான். விஷயம் அதுதான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அவன் வாயைத் திறந்து சொன்னான். பாதி வெட்டிய பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் வேலை, அவ்வளவுதான்.

நைனா அவளைப் பார்க்காமல் மணலைப் பார்த்துச் சொன்னார்: "ஊரு ஒத்துக்காதும்மா."

ஊர் என்பது அவர்தான். அவர் அள்ளிய அந்த ஒரு பிடி மணலுக்குச் சிரித்த ஊர் அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒரே ஆளாக நின்றது. நைனாவை அதற்குமுன் நான் அப்படி வெறுத்ததில்லை.

"செரி நாட்டாரய்யா, வர்றோம்" என்றாள் கன்னியம்மா. கோபத்தில் மண்ணைத் திருப்பித் தள்ளக்கூட இல்லை. கூடைகளைத் தட்டித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். அந்த வாரமே குடிசைகளைப் பிரித்து எளாவூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. வெட்டிய பள்ளத்தை அலை சீக்கிரமே நிரப்பிவிட்டது.

இப்போது பழவேற்காட்டிலிருந்து வருகிறவர்கள் கோட்டையை இடித்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். கொடிமரம் இல்லை, கப்பல் இல்லை, செங்கல்லை வண்டி வண்டியாக அள்ளிப் போகிறார்களாம். போகட்டும். அதெல்லாம் எங்களுடையதாக எப்போது இருந்தது? எங்களுடையதாக இருந்தது வெயிலில் வைத்த ஒரு பானை. அதை எந்தக் கும்பினியும் எடுத்துப் போகவில்லை.

கன்னியம்மா வீட்டார் போன அந்த வருஷம் மழையும் பொய்த்தது. ஆனாலும் நாள் பார்த்து, கோயில் வாசலில் பூப் போட்டு, குலுக்கினார்கள். ஏரியிலேயே சிறந்த பாடு நைனாவுக்கு விழுந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஓலையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வழக்கப்படி இடத்தைப் பார்த்து வரப் போனார். நானும் கூடப் போனேன். ஏரிக்குள் செருப்புக் காலோடு நடந்தே போனோம். நைனாவுக்கு விழுந்த பாடு முழுக்க மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.