நிற்கக் கூடாத தெருவில் கார் பூசை

கோயில் வாசலிலிருந்து போக்குவரத்து விளக்கு வரை இரட்டை மஞ்சள் கோடு போட்டுவிட்டார்கள். வண்டி நிற்கக் கூடாது. ஆளை இறக்கக்கூட நிற்கக் கூடாது.

கோடு வருவதற்கு முன் எங்கள் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில் அந்த ஒருவழித் தெரு முழுக்க முழுக்க ஒரு நிமிடங்களால் ஆனது. "ஒரு நிமிஷம்தான்" என்று ஒருவர் மாலை வாங்க நிறுத்துவார். அவருக்குப் பின்னால் ரொட்டி சானாய்க்கு ஒரு நிமிடம், அதற்குப் பின்னால் மருந்துக்கு ஒரு நிமிடம். எல்லாரும் டபுள் சிக்னல் போட்டிருப்பார்கள். பட்டப்பகலில் தெரு முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் இமைத்துக்கொண்டிருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். யாரும் எங்கும் போக முடியாது.

கோடு வந்ததும் தெரு ஓட ஆரம்பித்தது. ஓடுகிற எதையும் எனக்குப் பிடிக்கும். நதி இல்லாத ஊரில் சாலையாவது ஓடட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இடிந்துபோனது என் தங்கச்சி ஒருத்திதான்.

அவள் பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீடு இருக்கும் ஆயர் ஈத்தாம் பக்கம் வந்துகொண்டிருந்த கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து சொந்தமாகப் போக வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். பழைய கார் ஒன்று வாங்கிவிட்டாள். லைசென்ஸ் அவளிடம் வெகுகாலமாக இருக்கிறது, பிளாஸ்டிக் உறைக்குள், பத்திரமாக. தனியாக ஓட்டியதே இல்லை. பூசை போடாமல் தொடவும் மாட்டேன் என்றாள். அதுவும் அந்தக் கோயிலில், அந்த வாசலில்.

"நம்ம வீட்டுப் பக்கத்துல கோயில் இல்லையா? அங்க நிறுத்த இடமும் இருக்கே?"

"அந்த அம்மன்கிட்டதான்ணே வேண்டிக்கிட்டேன். வாங்குன காடிய அவங்க பாக்கணும்லா."

வெள்ளிக்கிழமை காலை போனோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிறுத்தி டபுள் சிக்னல் போட்டாள். அந்த விளக்கு இமைத்தால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. போக்குவரத்து அமலாக்க அதிகாரி ஒருவர் வந்தார். தமிழ்ப் பையன், நெற்றியில் விபூதி.

"அக்கா, நிக்கக் கூடாது."

"ஒரு நிமிஷம்தான் தம்பி. சிக்னல் போட்டிருக்கேன்ல."

"சிக்னல் போட்டா ரோடு ஒங்களுது ஆயிருமா? எடுங்கக்கா, சம்மன் எழுத வச்சிராதீங்க."

எடுத்தாள். சுற்றிக்கொண்டு வந்தாள். ஐயர் தட்டோடு நடைபாதை ஓரத்தில் தயாராக நின்றார். "நிக்காம எப்படிம்மா பூசை பண்றது?" என்றார், கார் நகர்ந்துகொண்டிருக்கும்போதே.

"மெதுவா போறேன் சாமி, நீங்க பண்ணுங்க!"

அப்படித்தான் நடந்தது. ஒரு சுற்றுக்கு விபூதி. அடுத்த சுற்றுக்குச் சந்தனம், குங்குமம். பானெட்டில் பொட்டு வைக்க நினைத்தவர் ஓட்டத்தில் கண்ணாடியில் வைத்தார். இன்னொரு சுற்றுக்கு மாலை. அதை ஜன்னல் வழியாக என் கழுத்தில் போட்டுவிட்டார். கற்பூரம் காட்டியபோது ஐயர் காரோடு கூடவே நடந்தார், தட்டை ஒரு கையால் காற்றுக்கு மறைத்தபடி. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அதிகாரி தொப்பியைக் கழற்றி, சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடி தொப்பியைப் போட்டு, லாரியைப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினார்.

எலுமிச்சம்பழத்தில்தான் எல்லாம் தடைப்பட்டது. பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டும். அதற்குக் கார் நின்றாக வேண்டும்.

"செவப்பு லைட்ல நின்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் அதிகாரி, எங்களைப் பார்க்காமல்.

ஐயருக்கு உள்ளே உச்சிகாலப் பூசை. பழங்களை என் கையில் கொடுத்துவிட்டார். விளக்கு சிவப்பானதும் நான் மாலையோடு இறங்கினேன். முன்சக்கரங்களுக்கு வைத்தேன். பின்னால் வந்து இடது பக்கம் வைத்தேன். வலது பக்கம் குனிவதற்குள் பச்சை விழுந்தது. மோட்டார் சைக்கிள்கள் கத்தின.

அவள் போய்விட்டாள்.

நசுங்கிய பழத்தின் வாசனை எழுந்தது. கடைசிப் பழம் என் கையில் இருந்தது. அவள் திரும்புகிற விதத்தைப் பார்த்தேன். சிக்னல் போட்டுத்தான் திரும்பினாள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை என்பது அவளுக்கு எந்த இடத்தில் உறைத்ததோ தெரியாது. நான் கோயில் வாசலுக்கே திரும்பி வந்து நின்றேன். ஆள் நிற்கத் தடை இல்லை.

வெகுநேரம் கழித்து, குங்குமம் பூசிய கண்ணாடியோடு கார் தெருவுக்குள் வந்தது. அவள் முகம் வேர்த்திருந்தது. ஜன்னல் இறங்கியிருந்தது.

"அண்ணே! நிக்க முடியாது!"

"ஒரு பழம் பாக்கி!" பழத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"அப்பறம் பாத்துக்கலாம்! எங்க நிறுத்துறதுன்னே தெரியல, நான் வீட்டுக்குப் போறேன்! நீ பஸ்ல வா!"

"தனியாவா?"

அதற்குள் விளக்கைத் தாண்டியிருந்தாள். அதிகாரி என் கழுத்து மாலையைப் பார்த்தார்.

"அண்ணே, பஸ் ஸ்டாப் கோட்டுக்கு அந்தப் பக்கம்."

நடந்தேன். ஆயர் ஈத்தாம் வரை பேருந்து ஒரு நிறுத்தம் விடாமல் நின்று நின்று போனது. வீட்டு வாசலில் கார் எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தது, கொஞ்சம் கோணலாக. பின்பக்க வலது சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

திங்கட்கிழமை காலை அவள் காரை எடுத்தபோது பழம் நசுங்கியது.