அறுக்க வேண்டாம் என்றேன்

நான் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவன். அரையாண்டு விடுமுறையில் மனைவியையும் எட்டு வயது மகளையும் பொருட்காட்சிக்கு அழைத்துப் போனேன். மார்கழிப் பனிக்காக, நான் நெய்த பட்டுத் துண்டு ஒன்றை மகளின் தலையில் சுற்றி, கழுத்தில் முடிச்சிட்டிருந்தோம்.

அங்கே குழந்தைகளுக்காக ஓடும் சிறு ரயிலில் மகள் ஏறியதும், "அப்பா, டாட்டா காட்டலைன்னா உன்கூட பேசமாட்டேன்!" என்றாள். காட்டினேன். வண்டி பத்தடி நகர்வதற்குள், தொங்கிய துண்டின் முனை சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அவள் தலை பக்கவாட்டில் இழுபட்டது. என் கூச்சல் கேட்டு ஓட்டுபவர் உடனே நிறுத்திவிட்டார். ஆனால் துண்டு அவள் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

அவர் கத்தியுடன் ஓடி வந்தார். "அறுத்துடட்டாண்ணா?"

"வேணாம்பா, பட்டு. பிரிச்சிடறேன்" என்று சக்கரத்தருகே உட்கார்ந்துவிட்டேன். தறியில் இழை சிக்கினால் அறுக்கமாட்டோம், பொறுமையாகப் பிரிப்போம். இருபது வருடப் பழக்கம். இரண்டு சுற்றுப் பிரித்தும்விட்டேன்.

"இன்னாய்யா பண்ணிக்கினு இருக்கே? புள்ளைக்கு மூச்சு வரலை!" மனைவி கத்தியைப் பிடுங்கி, விறைத்து நின்ற துண்டை அறுத்தாள். மகள் இருமினாள், பிறகு அழுதாள். கழுத்தில் சிவந்த கோடு மறைய நான்கு நாட்கள் ஆயின.

அந்த இரண்டு சுற்றையும் பிரித்தபோது நான் மகளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது வெளியே போனால் அவள் கழுத்தில் துணி இல்லை, குளிருக்குக் குல்லாய்தான். என் சட்டைப் பையில் சிறு கத்தரி இருக்கிறது. எது எங்கே சிக்கினாலும், முதலில் அவள் முகத்தைப் பார்க்கிறேன்.